செங்கம் ரோட்டில் ஏழு விநாடிகள்

"சார், நேத்து ராத்திரி உங்க டிவியில எங்க ஊட்டுக்காரரு வந்தாரு."

வரவேற்பறையில் நின்றிருந்த பெண்மணி இதைச் சொன்னதும் நான் சிரித்தேன். எங்கள் நிலையத்துக்கு அப்படி வருகிறவர்கள் அதிகம். ஏதோ கூட்டத்தின் ஓரத்தில் தலை தெரிந்துவிட்டால் போதும், மறுநாள் குடும்பத்தோடு வந்து இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்பார்கள்.

"ரொம்ப சந்தோஷம்மா. அவர் வரலையா?" என்றேன்.

"அவரு செத்து ஆறு வருசம் ஆவுது சார்."

மேஜையின் விளிம்பை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். வெறும் நெற்றி. புடவையிலிருந்து தைல வாசனை வந்தது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு மாற்றுப் புடவை. எங்கேயோ போவதற்குத் தயாராக வந்திருந்தார்.

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் தொலைக்காட்சி நாட்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதிவந்தேன். ரசித்துக் கடிதம் போட்ட வாசகர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் தொடங்கும்போது நினைத்திருந்தேன். முடியவில்லை.

கடைசிக் கட்டு

இரவு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்றதும் இன்றைய வாசகருக்கு நள்ளிரவு ஞாபகம் வரும். எங்கள் இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நிலையமே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்த அரை மணி நேரத்தை நாங்கள் 'கடைசிக் கட்டு' என்போம். யாருக்கும் வேண்டாத பந்தி அது. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, வேலூரில் ஒரு கல்லூரியில் கிடைத்த வேலையை வேண்டாமென்று உதறிவிட்டு வந்த எனக்கு அதுதான் வாய்த்தது.

யார் பார்ப்பார்கள் என்று கேலி செய்வார்கள். பார்த்தார்கள். கடிதங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். நோயாளிகள், அவர்களுக்குத் துணையிருப்பவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருப்பவர்கள். தூக்கம் வராதவர்களின் ஊருக்கு நான் ஒருவன்தான் வானொலியும் பத்திரிகையும் என்று மனதுக்குள் ஒரு பெருமை.

வண்ணம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட காலம். எல்லாம் இன்னும் கறுப்பு வெள்ளைதான். திருவண்ணாமலைச் சாமியார்களைப் பற்றி அரை மணி நேரப் படம் ஒன்று எடுத்தேன். நான் பிறந்த ஊர். செங்கம் ரோட்டில் எங்கள் அத்தா, அதாவது என் தந்தை, தகரப் பெட்டி செய்யும் கடை வைத்திருந்தார். கடைக்கு எதிரே தினமும் மத்தியானம் சாமியார்கள் வரிசையாக உட்காருவார்கள். ஒரு அரிசி மண்டிக்காரர் குடும்பத்துத் தர்மம், ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலம். அந்த வரிசை இல்லாமல் அந்தப் படம் இல்லை.

எடுத்து வந்த பிலிமைக் கழுவிப் பார்த்தால் அந்தச் சுருள் மட்டும் புகை படிந்ததுபோல் வெளுத்துப்போயிருந்தது. ஒளிபரப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. நூலக அறைக்குப் போனேன். நிலையம் தொடங்கிய புதிதில் நாங்கள் அதே ஊரில் இரண்டு தடவை எடுத்த படங்கள் ஒரே சுருளாக ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. ஓட்டிப் பார்த்தேன். வரிசை கிடைத்தது, ஏழு விநாடி. வரிசைக்குப் பின்னால் எங்கள் கடை. கடைக்குள் அத்தா.

அத்தா இறந்து, எங்கள் வீட்டுப் பேச்சில் மவுத்தாகி, அப்போது ஐந்து வருடம். பிலிமில் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். படத்தொகுப்பு மேஜை மேல் குனிந்து அந்தத் துண்டைப் பத்துத் தடவையாவது ஓட்டியிருப்பேன். வேறு துண்டு தேட வேண்டுமென்று தோன்றவே இல்லை. வெட்டி ஒட்டினேன். வர்ணனையை என் குரலில் நானே படித்தேன்: "சென்ற வாரம் செங்கம் சாலையில் நாம் கண்ட காட்சி இது."

சென்ற வாரம். அந்த இரண்டு வார்த்தைகளை நான் எழுதியிருக்க வேண்டியதே இல்லை.

'ஆமாம்மா'

அந்தப் பெண்மணியின் பெயர் பூங்காவனம். கீழ்பென்னாத்தூர்க்காரர். கணவர் தணிகாசலம், அங்கே ஒரு மணிலாக் கடலை மண்டியில் எடை போடுகிறவர். எடையில் தப்புச் செய்துவிட்டார் என்று ஒருநாள் பத்துப் பேர் எதிரில் முதலாளி கையை நீட்டிவிட்டார். தப்பு வேறொருவருடையது என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. அதற்குள் தணிகாசலம் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அது மாசி மாதம். ஐப்பசி மழையில் பக்கத்து ஊர் ஏரியில் ஒரு உடல் ஒதுங்கியது.

"கொழுந்தனாரு போயி பாத்தாரு. அரைஞாண் கயிறும் பச்சைக் கரைத் துண்டும் அவருதுதான்னாரு. அஞ்சு நாள் தண்ணியில கெடந்த ஒடம்பு சார். என்னை கிட்ட வுடல. அங்கயே கொளுத்திட்டாங்க."

பிறகு அவர் சென்னைக்கு வந்து, சைதாப்பேட்டையில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தார். பெரியவருக்குத் தூக்கம் கிடையாது. அதனால் இருவரும் கடைசிக் கட்டு வரை பார்ப்பார்கள்.

"தாடிக்குள்ள எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? வேற யாராவது இருக்கலாம்."

"மூஞ்ச வுடுங்க சார். பொட்டலத்த வாங்கினதும் கையில வச்சி ரெண்டு தரம் தூக்கிப் பாத்தாரே, நீங்க கவனிக்கலியா? எதை குடுத்தாலும் அப்படித்தான். கொழந்தைய குடுத்தாக்கூட அப்படித்தான் தூக்கிப் பாப்பாரு. எடை போட்ட கை சார் அது."

அந்தப் பிலிம் துண்டில் ஒருவர் பொட்டலத்தை அப்படித் தூக்கிப் பார்ப்பது எனக்கும் ஞாபகம் வந்தது. அத்தாவுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

"போன வாரம் எடுத்ததுனு சொன்னீங்களே. அந்தக் கொரலு உங்களுதுதானே சார்? போன வாரந்தானே?"

அந்த நேரம் பார்த்து நிலைய இயக்குநர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். காலையில்தான் என்னைக் கூப்பிட்டுப் படம் பிரமாதம் என்று சொல்லியிருந்தார். பழைய பிலிமைப் புதிது என்று காட்டியதற்காக என்னோடு வேலை செய்த ஒருவரை இரண்டு மாதத்துக்கு முன்புதான் வெளியூருக்கு மாற்றியிருந்தார்கள். இயக்குநர் எங்களைத் தாண்டிப் போகிற வரை பேசாமல் இருந்திருக்கலாம். பேசினேன்.

"ஆமாம்மா" என்றேன்.

பூங்காவனம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை விவரிக்க இன்றைக்கும் எனக்குத் தைரியமில்லை.

எங்கள் கடை இருக்குமிடத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "அங்கே எங்க அண்ணன் இருக்கார், உதவி பண்ணுவார்" என்று வேறு சொன்னேன். அன்று மத்தியான பஸ்ஸில் அவர் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்.

அண்ணன் போட்ட கார்டுகள்

அண்ணன் ஜப்பார் கடிதம் எழுதுகிற ஆளே இல்லை. அந்த இரண்டு மாதத்தில் நான்கு கார்டு போட்டார். பேசுவதுபோலவே எழுதுவார்.

முதல் கார்டு: "நீ அனுப்பிய அம்மா வந்துட்டாங்க. பாவமா இருக்குது. நம்ம கடை வாசல்ல உக்காந்து வரிசையப் பாக்கறாங்க."

இரண்டாவதில்: "பொட்டு வச்சிக்கினு, பூ வச்சிக்கினு உக்காந்திருக்காங்க. தெருவுல ஒரு மாதிரி பேசறாங்க. நான் கண்டுக்கல. உங்க அண்ணி சாப்பாடு குடுக்கறா."

மூன்றாவதில் அண்ணனுக்கே உரிய சிரிப்பு கொஞ்சம் இருந்தது. தாடி வைத்த ஒருவரைக் கிட்டப் போய்ப் பூங்காவனம் உற்றுப் பார்த்திருக்கிறார். அந்தச் சாமியார், "எம்மா, எனக்கு ஏற்கனவே ரெண்டு பொண்டாட்டி. அதுக்கு பயந்துதான் இங்க வந்தேன். மூணாவதா நீ வேற வந்துட்டியா?" என்றாராம். வரிசையே சிரித்ததாம். அந்தம்மாவும் சிரித்தார்களாம்.

நான்காவது கார்டில் சிரிப்பு இல்லை. "தர்மம் குடுக்கிற இடத்துல எலை கட்டித் தர்ற வேலைக்குச் சேர்ந்துட்டாங்க, தெனம் எல்லார் கையையும் பாக்கலாம்னு. மெட்ராஸ்ல வேலைய வுட்டுட்டாங்களாம். நீ ஒரு தரம் வந்துட்டுப் போ."

ஒவ்வொரு கார்டையும் படித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று எனக்கும் வேலை இருந்தது. இரவு வீட்டுக்குத் திரும்பும்போது, ஒருவேளை அவர் உயிரோடு இருந்து கிடைத்துவிட்டால் என் பொய் பொய்யாகவே இருக்காதே என்று எனக்கு நானே வழக்காடிக்கொள்வேன். ஏரியில் கிடைத்த உடலை அப்போது நான் வசதியாக மறந்துவிடுவேன்.

உண்மை என்று நம்பிச் சொன்னது

நான் போய் இறங்கியபோது உச்சி வெயில். அண்ணன் பெட்டி மூடிக்குக் கீல் அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டிவிக்காரரே! ஊர்ல எல்லாரையும் படம் புடிச்சி தெய்வமாக்கிட்டு நீங்க மட்டும் மெட்ராஸ்ல உக்காந்துட்டீங்களே."

"அவங்க எங்கண்ணே?"

"எதிர்ல பாரு."

பூங்காவனம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசமா ஒரு மொகத்தையும் வுடல. உங்க சாரு எடம் தப்பாச் சொல்லிட்டாரானு என்னையே கேக்கறாங்க. நம்ம கடை எதிர்லதான்னு நல்லாத் தெரியுமாடா உனக்கு?"

"தெரியும்ணே. அந்த ஆளுக்குப் பின்னாடி அத்தா உக்காந்திருக்காரே."

சுத்தியல் நின்றது.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அத்தா மவுத்தாயி அஞ்சு வருசம் ஆவுதேடா."

நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

"போன வாரம் எடுத்ததுனு இல்ல அந்தம்மா சொல்லிக்கினு இருக்கு?"

"நான்தான் சொன்னேன்."

"அடப்பாவி." எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டு மாசமா சோறு போட்டு இந்த அம்மாவ நானும் சேர்ந்து ஏமாத்தியிருக்கேனேடா. நீ போய் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ரோட்டைத் தாண்டினேன். பூங்காவனம் எனக்கு ஒரு மணையை நகர்த்திப் போட்டார். உட்காராமலே சொன்னேன். அது பழைய பிலிம். நிலையம் தொடங்கிய புதிதில் எடுத்தது. தணிகாசலம் வீட்டைவிட்டுப் போன அதே வருடம்.

"எந்த மாசம் சார்?"

இந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனியில் ஒரு தடவை, கார்த்திகைத் தீபத்துக்கு முன் ஒரு தடவை என அந்த வருடம் இரண்டு முறை எடுத்தோம். கார்த்திகையில் அத்தா மூச்சுத் திணறலோடு படுக்கையில் இருந்தார். ஆகவே அவர் கடையில் உட்கார்ந்திருப்பது ஆனியில்தான் இருக்க முடியும். மனதுக்குள் இப்படிக் கூட்டிக் கழித்து, சற்றும் தயங்காமல் சொன்னேன்.

"ஆனி மாசம்மா. ஏரியில அவர் கிடைக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடி."

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்ப ஆனியில இங்கதான் இருந்திருக்காரு."

"ஆமாம்மா."

"கீப்பெனாத்தூர்ல இருந்து பஸ்ஸு முக்கா மணி நேரந்தான் சார். நான் திருப்பதி வரைக்கும் போயி தேடினேன். இங்க வந்து பாக்கலியே."

பிறகு முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். ஒரே துடைப்பில் போகவில்லை. தண்ணீர்க் குவளையில் முனையை நனைத்து மறுபடி துடைத்தார். பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வரிசை உட்கார்ந்துவிட்டதால் எழுந்துபோய்க் கடைசி ஆள் வரைக்கும் பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தார். இந்தத் தடவை யாருடைய கையையும் அவர் பார்க்கவில்லை.

ஒரு பெண்ணை இரண்டாம் தடவை விதவையாக்கிவிட்டேன் என்று அன்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேன். ஆனாலும் மனதின் ஒரு மூலையில் ஆறுதலாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன் அல்லவா.

பதிவேடு

ஒரு மாதம் கழித்து நூலகப் பொறுப்பாளர் என்னைப் பிடித்தார். "பழைய சுருள்ல இருந்து வெட்டினீங்களே, பதிவேட்ல எழுதி கையெழுத்துப் போடுங்க. அந்தத் துண்டையும் திருப்பி ஒட்டணும்."

பதிவேட்டைப் புரட்டினேன். சுருளில் உள்ள காட்சிகள் வரிசையாக, எடுத்த தேதியோடு எழுதப்பட்டிருந்தன. 'அன்னதான வரிசை, தகரக் கடை பின்னணி' என்ற வரிக்கு நேரே இருந்தது டிசம்பர் மாதம். தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு.

எழுதியவர் தவறு செய்திருப்பார் என்று நினைத்து அந்தத் துண்டை மேஜையில் ஏற்றி ஓட்டினேன். அப்போதுதான் முதல் தடவையாக அத்தாவின் முகத்தை விட்டு விலகி மற்றதையெல்லாம் பார்த்தேன். ரோட்டின் குறுக்கே திருவிழாத் தோரணம். பக்கத்துக் கடை வாசலில் மலைபோல் அகல் விளக்குகள். அத்தாவின் கழுத்தைச் சுற்றி மப்ளர். எங்கள் ஊர் ஆனி வெயிலில் யாரும் மப்ளர் கட்டமாட்டார்கள்.

ஓட்டுவதை நிறுத்த மறந்துவிட்டேன்; பிலிம் மேஜைக்குக் கீழே சுருண்டு விழுந்தது.

அந்தக் கார்த்திகைப் பயணத்தில் நான் வீட்டுக்கே போகவில்லை. வேலை அதிகம், கூட்டம் அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டு விடுதியிலேயே தங்கிவிட்டேன். அந்த வரிசையைக் கேமராமேன் தனியாகப் போய் எடுத்து வந்திருக்கிறார். அத்தா படுக்கையில் இருந்தார் என்பது எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்ததுதான். மகன் ஊருக்குள் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, எழுந்து, மப்ளரைக் கட்டிக்கொண்டு கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இதை நினைத்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் மற்றது உறைத்தது.

ஐப்பசியில் ஏரியில் கிடைத்த உடலை எரித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம், கார்த்திகையில், தணிகாசலம் எங்கள் கடைக்கு எதிரே உட்கார்ந்து சோறு வாங்கியிருக்கிறார்.

சைதாப்பேட்டை வாசல்

மறுநாள் காலையே போனேன். பூங்காவனம் பழைய வேலைக்கே திரும்பியிருந்தார். வேறு ஆள் கைபட்டால் பெரியவர் சாப்பிடுவதில்லையாம், கூப்பிட்டு விட்டிருந்தார்கள். ஈரக்கையைத் துடைத்தபடி கேட்டுக்கு வந்தார்.

"வாங்க சார். நானே உங்கள வந்து பாக்கணும்னு இருந்தேன்."

"அம்மா, ஒரு விஷயம்."

"இருங்க, நான் சொல்லிடறேன். அன்னிக்கு உங்க மேல கோவம்தான். இப்ப இல்ல. ஆறு வருசமா ராத்திரியில கதவு தட்டற மாதிரியே இருக்கும் சார். அந்த ஒடம்ப நான் பாக்கல இல்ல, அதனால. இப்ப அப்படி இல்ல. படுத்தா தூக்கம் வருது. மத்தவங்கள்லாம் எனக்கு ஆறுதல்தான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் நெசத்த சொன்னீங்க. நல்லா இருப்பீங்க."

உள்ளேயிருந்து பெரியவர் கூப்பிட்டார். "தோ வரேன் தாத்தா" என்று குரல் கொடுத்துவிட்டு, "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே சார்?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. எப்படி இருக்கீங்கனு பாக்கத்தான்" என்றேன்.

அவருடைய தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். வெகு காலம் அப்படித்தான் நம்பினேன். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் இரண்டாவது தடவையாக அவர் முன்னால் நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் பெரிய காரணம். அண்ணனிடமும் சொல்லவில்லை. தணிகாசலத்தைத் தேட நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அப்போது தேடியிருந்தால் கிடைத்திருப்பாரா, தெரியாது. யாராவது தேடியிருக்க வேண்டும். தேட வேண்டியவரை வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

இரண்டு வருடம் கழித்துச் சைதாப்பேட்டை வீட்டுக்குப் போனேன். பெரியவர் காலமாகி வீடு கைமாறியிருந்தது. பூங்காவனம் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழ்பென்னாத்தூரிலும் தெரியவில்லை.

அவர் இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். இந்தப் பத்திரிகையை யாராவது அவருக்குப் படித்துக் காட்டக்கூடும்.

பூங்காவனம் அம்மா, நான் சொன்ன மாதம் தப்பு. அந்தப் படம் எடுத்தது ஆனியில் இல்லை, கார்த்திகையில். ஐப்பசியில் நீங்கள் பறிகொடுத்ததாக நினைத்தவர் அதற்கடுத்த மாதம் உயிரோடு இருந்தார். ஏரியில் கிடைத்தது வேறு யாரோ. இது அன்று உங்கள் வாசலில் நின்றபோதே எனக்குத் தெரியும்.